தள்ளிவிட்ட முதல் ஓட்டம்: குளச்சலில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு சோதனை

போன ஆண்டு ஆனி மாதச் சாரல் நேரம். தக்கலையில் கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோதே ஒரு பையன் வாசலில் வந்து நின்றான். கையில் கிராஃபிக்ஸ் கார்டு பெட்டி. கணினித் திரையில் படத்தை வரைந்து கொடுப்பது இந்தக் கார்டுதான். மழை படாமலிருக்க அதைத் துணிப்பைக்குள் வைத்து, அதற்கு மேல் பிளாஸ்டிக் பையும் சுற்றியிருந்தான். அவன் தலையில் துண்டுகூட இல்லை, சொட்டச் சொட்ட நனைந்திருந்தான்.

"அண்ணே, கார்டு போச்சு. வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகல."

ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி. வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணன் அனுப்பிய பணத்தில் வாங்கியது. வாங்கிய கடைக்குக் கொண்டுபோயிருக்கிறான். அங்கே மாட்டிப் பார்த்துவிட்டு, "டிஸ்பிளே வருதுல்லா, பிறவு என்ன?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குளச்சலிலிருந்து திங்கள்நகர், இரணியல் வழியாக இரண்டு பஸ் மாறி என்னிடம் வந்திருக்கிறான்.

என்ன கோளாறு என்று கேட்டேன். "சைபர்பங்க்ல வண்டி ஓட்டும்போ சிக்கிச் சிக்கி நிக்குது. எஃப்பிஎஸ் தொண்ணூறு காட்டுது. ஆனா நிக்குது."

சைபர்பங்க் ஒரு கணினி விளையாட்டு. எஃப்பிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை படம், அதாவது பிரேம், திரையில் வருகிறது என்ற எண். அவன் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிவைத்தேன். ஆனால் மண்டையில் ஏறியது 'கார்டு போச்சு' என்பது மட்டும்தான். 'வண்டி ஓட்டும்போ' என்பது ஏறவில்லை. அது ஏறியிருந்தால் அவனுக்குப் பஸ் காசும், எனக்கு மூன்று நாளும் மிச்சமாகியிருக்கும்.

சோதனைக்கு ஏன் இந்த விளையாட்டு

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சைபர்பங்க் 2077, போலந்தைச் சேர்ந்த சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2020 டிசம்பர் 10 அன்று வெளியிட்டது. நைட் சிட்டி என்ற கற்பனை நகரம் முழுவதும் திறந்த உலகம். ஒரு வட்டாரத்திலிருந்து அடுத்த வட்டாரத்துக்குப் போக 'லோடிங்' திரை கிடையாது, கதவைத் திறந்தால் தெரு, தெருவைத் தாண்டினால் மேம்பாலம். 2023 செப்டம்பரில் 2.0 பதிப்பும் ஃபான்டம் லிபர்ட்டி என்ற கூடுதல் கதையும் வந்தன. அந்தக் கதை நடக்கும் டாக்டவுன் பகுதி கணினியை இன்னும் பிழிந்தெடுக்கும். அதற்குச் சில மாதம் முன்னால், ஏப்ரலில், ஒளிக்கதிர் ஒவ்வொன்றையும் தொடர்ந்து கணக்குப் போடும் பாத் டிரேசிங்கும் சேர்ந்திருந்தது. வெளியாகி இத்தனை வருடமான பிறகும் புதுக் கார்டு வந்தால் இதில்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்றால் அதற்கு இதெல்லாம் காரணம். விளையாட்டின் மெனுவிலேயே ஒரு பெஞ்ச்மார்க்கும் இருக்கிறது. அமுக்கினால் கேமரா தானாக நகர்ந்து ஒரு நிமிடம் சொச்சம் ஓடி, சராசரி, குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று மூன்று எண்ணைக் கொடுத்துவிடும். என்னைப் போன்ற ஆட்களுக்கு அது பெரிய வசதி, அதே அளவு ஆபத்தும்கூட.

அந்த நகரம் முழுதாக எப்போதும் நினைவகத்தில் இருப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். நாம் நிற்கும் இடமும் அதைச் சுற்றிக் கொஞ்ச தூரமும்தான் கணினியின் தற்காலிக நினைவகமான ரேமிலும் கார்டு நினைவகத்திலும் இருக்கும். நாம் நகர நகர, முன்னால் உள்ளது டிஸ்க்கிலிருந்து ஏறும், பின்னால் போனது இறங்கும். நடந்து போனால் நிதானமாக ஏறும். காரில் விரட்டினால் அதுவும் விரட்டித்தான் ஏற வேண்டும்.

முதல் நாள்: கார்டு மட்டும்

கார்டைப் பெட்டியிலிருந்து எடுத்து என் சோதனை மேஜைக் கணினியில் மாட்டினேன். கோர் ஐ5 12400 பிராசசர், 32 ஜிபி ரேம், என்விஎம்இ எஸ்எஸ்டி (சுற்றும் தட்டில்லாத வேகமான சேமிப்பு). அந்த எஸ்எஸ்டியில் சைபர்பங்க் உட்பட நாலைந்து கனமான விளையாட்டுகளை ஏற்கெனவே போட்டு வைத்திருப்பேன். கார்டு வரும்போதெல்லாம் எழுபது எண்பது ஜிபி இறக்கிக்கொண்டிருந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

1080பி (படத்தின் தெளிவு அளவு), ஹை செட்டிங், ரே டிரேசிங் (ஒளியையும் பிரதிபலிப்பையும் கணக்குப் போட்டு வரைவது) இல்லை, டிஎல்எஸ்எஸ் (சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது) இல்லை, பிரேம் ஜெனரேஷன் இல்லை. பையன் 'தொண்ணூறு காட்டுது' என்றது பிரேம் ஜெனரேஷனின் வேலை என்று அவன் சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கார்டு உண்மையாக வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே இன்னொன்றை அதுவே ஊகித்து நுழைத்துவிடும். கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு ஓடும், எண்ணும் பெரிதாகத் தெரியும். ஆனால் அடியில் இருக்கும் உண்மையான பிரேம் தடுக்கினால் மேலே பூசியதும் சேர்ந்து தடுக்கும். சோதனையின்போது அதை அணைத்துவிடுவதுதான் முறை.

நான்கு தடவை ஓட்டினேன். முதலாவதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மற்ற மூன்றும் ஒரு எஃப்பிஎஸ் வித்தியாசத்துக்குள் எழுபதுகளில் நின்றன. கார்டு 115 வாட்டை ஒட்டி மின்சாரம் எடுத்தது, அதற்கு விதித்த அளவே அதுதான். வெப்பம் 70 டிகிரியைத் தாண்டவில்லை. அரை மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டும் கிளாக் (கார்டு ஓடும் வேகம்) இறங்கவில்லை. கார்டில் ஒரு குறையும் இல்லை. அப்படியே சொல்லிப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன்.

"வீட்ல நிக்குதே அண்ணே" என்றான். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டு மறுபடி போடச் சொன்னேன். என்ன சொல்வதென்று தெரியாதபோது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது அதுதான்.

இரண்டாம் நாள்: முழுக் கேபினெட்

இரண்டு நாள் கழித்து கேபினெட்டையே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டான்.

கடற்கரை ஊர் கேபினெட் என்றால் நான் முதலில் பார்ப்பது திருகுகளைத்தான். குளச்சல், முட்டம், தூத்தூர், எங்கிருந்து வந்தாலும் உப்புக்காற்று தன் கையெழுத்தைப் போட்டிருக்கும். கார்டைப் பின்புறம் பிடிக்கும் தகட்டின் விளிம்பில் செம்பழுப்புப் பொடி இருக்கும். விசிறியைத் தொட்டால் பிசுபிசுக்கும், பஞ்சு போலில்லாமல் களிம்பு போலத் தூசி ஒட்டியிருக்கும். இவன் பெட்டியில் இரண்டு திருகில் மட்டும் லேசாகத் துரு. ஸ்லாட்டின் பொன்நிற முனைகள் சுத்தம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் கணினிப் பெட்டிக்கு ஓய்வே கிடையாது என்று அவனிடம் ஒரு சின்னப் பிரசங்கம் வேறு செய்தேன். வழக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

உள்ளே ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி), 240 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க். என் நோட்டில் 'எஸ்எஸ்டி உண்டு' என்று எழுதி டிக் போட்டேன். அந்த டிக்கை இப்போது பார்த்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மறுபடி அதே பெஞ்ச்மார்க், அவன் கணினியிலேயே. முதல் ஓட்டத்தில் இரண்டு இடத்தில் நன்றாகவே தட்டியது, குறைந்தபட்ச எண்ணும் கீழே போனது. பையன் "பாருங்க, பாருங்க" என்றான். நான், "அது முதல் தடவை அப்படித்தான் மக்கா. ஷேடரெல்லாம் அப்போதான் தயாராகும். அதைக் கணக்குல எடுக்கக்கூடாது" என்றேன்.

சொன்னது பொய்யில்லை. ஷேடர் என்பது கார்டுக்குப் புரியும்படி மாற்றி எழுதப்பட்ட வரைகலைக் கட்டளை. டிரைவரைப் புதிதாகப் போட்டிருந்தால் அதை மறுபடி தயாரிக்க வேண்டிவரும், அப்போது தட்டும். கார்டும் குளிர்ந்த நிலையிலிருந்து சூடாக வேண்டும். அதனால் முதல் ஓட்டத்தைத் தள்ளிவிட்டு அடுத்த மூன்றின் சராசரியை எடுப்பது கார்டுச் சோதனையில் எல்லோரும் செய்வது. அடுத்த மூன்றும் 66, 67, 66. ஒரு தடங்கலும் இல்லை. என் கணினியைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் பழைய பிராசசருக்கு அது நியாயமான எண்தான்.

"எல்லாம் சரியா இருக்கு" என்று திருப்பி அனுப்பினேன். அன்று இரவே செல்போனில் வீடியோ வந்தது. நைட் சிட்டி சாலையில் கார் போகிறது. ஒரு முக்கைத் திரும்புகிறது. படம் உறைந்து நிற்கிறது. ஒரு நொடிக்குக் கொஞ்சம் குறைவு. திரும்ப ஓடுகிறது. அடுத்த முக்கில் மறுபடி அதே கதை. கீழே ஒரே ஒரு வரி: "இது சரியா அண்ணே?"

மூன்றாம் நாள்: அவன் வீட்டில்

ஞாயிற்றுக்கிழமை மதியம் பைக்கை எடுத்துக்கொண்டு குளச்சலுக்குப் போனேன். கணினி ஒரு மர மேஜையின் அடித்தட்டில், கதவு போட்ட அறைக்குள் இருந்தது. வெப்பமாக இருக்குமோ என்று கதவைத் திறந்து வைத்து ஓட்டினேன். அப்போதும் நின்றது. அவன் அம்மா கட்டஞ்சாயாவும் நேந்திரங்காய் சிப்ஸும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, எனக்க மவன் ராத்திரி பூரா இதுக்க முன்னாலதான் இருக்கான். உள்ளதச் சொல்லணும். கெட்டது கார்டா, இவனா?"

நான் விளையாடவில்லை. அவனை உட்காரவைத்து, வழக்கமாக எப்படி விளையாடுவானோ அப்படியே விளையாடச் சொன்னேன். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு, திரையின் மூலையில் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, பிரேம் டைம் (ஒரு படம் வர ஆகும் நேரம்) எவ்வளவு என்று தெரியும்படி செய்தேன். வாட்சன் பகுதியில் கதாநாயகன் குடியிருக்கும் மெகாபில்டிங் எச்10 வாசலில் காரில் ஏறி, நகர மையத்தைப் பார்த்து விரட்டினான்.

நான் கேபினெட் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் கேட்டது. முதல் முக்கு வருவதற்குச் சற்று முன் பெட்டிக்குள்ளிருந்து 'கர்ர்ர்… டக், டக்' என்று ஒரு சத்தம். உடனே படம் நின்றது. சத்தம் ஓய்ந்ததும் படம் நகர்ந்தது. அடுத்த முக்கிலும் முதலில் சத்தம், பிறகு உறைதல். திரையைப் பார்த்தேன். சுவர்கள் களிமண் பூசியது மாதிரி மொழுமொழுவென்று வந்து, கொஞ்சம் கழித்துத்தான் விளம்பரமும் எழுத்தும் அதில் ஏறின. மூலையிலிருந்த எண்ணைப் பார்த்தேன். 97 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்த கார்டு, படம் நிற்கும் ஒவ்வொரு தடவையும் இருபது முப்பதுக்கு இறங்கியது. வேலை முடியாமல் திணறும் கார்டு அப்படி இறங்காது, நூறை ஒட்டியே நிற்கும். இது வேலை வரக் காத்திருக்கும் கார்டு.

"விளையாட்டு எந்த டிரைவ்ல இருக்கு மக்கா?"

"டி டிரைவ்ல. எஸ்எஸ்டில எடமில்லல்லா."

அவ்வளவுதான் விஷயம்.

சந்தேகத்தை முழுசாகத் தீர்க்க ஒரு காரியம் செய்தேன். கணினியை ரீஸ்டார்ட் செய்து, அதே வாசலில் ஏறி, அதே தெருக்கள் வழியாக அதே இடம் வரை ஓட்டச் சொன்னேன். ஏழெட்டு இடத்தில் நின்றது. விளையாட்டை மூடாமல் திரும்பவும் வாசலுக்குப் போய் அதே வழியில் ஓட்டச் சொன்னேன். இரண்டு இடத்தில் மட்டும் தட்டியது. மூன்றாவது முறை எண்ணெய் தடவியது போல ஓடியது. மறுபடி ரீஸ்டார்ட், மறுபடி அதே வழி. ஏழெட்டும் திரும்ப வந்தன.

ஒருமுறை டிஸ்க்கிலிருந்து படித்ததை, இடம் இருக்கும்வரை விண்டோஸ் ரேமிலேயே பத்திரப்படுத்தி வைக்கும். இரண்டாம் முறை கேட்டால் டிஸ்க்கைத் தொடாமல் அங்கிருந்தே கொடுத்துவிடும். ஆக, என் கடையில் நான் எண்ணி எழுதிய மூன்று ஓட்டங்களும் ஹார்ட் டிஸ்க்கைக் கிட்டத்தட்டத் தொடவே இல்லை. தொட்டது முதல் ஓட்டம் ஒன்றுதான். அதைத்தான் 'கணக்கில் இல்லை' என்று தள்ளினேன். பையன் ஒவ்வொரு தெருவிலும் முதல் ஓட்டம்தானே ஓட்டுகிறான்? திறந்த உலக விளையாட்டு வாங்கியவன் அதே ஒரு நிமிடப் பாதையை நான்கு தடவை சுற்றிக்கொண்டா இருப்பான்?

முதல் நாள் செய்த பிழை இதைவிட மோசம். கார்டை மட்டும் என் கணினியில் மாட்டியபோதே கோளாறை அவன் வீட்டிலேயே விட்டுவிட்டிருக்கிறேன்.

டிஸ்க் ஏன் தடுக்கிறது, சராசரி ஏன் மறைக்கிறது

நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க்குக்கு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி ஆகும். வேண்டிய தகவல் முனைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி நொடி. அதற்கு முன் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு எட்டு ஒன்பது மில்லி நொடி. ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் தகவலை எடுக்க ஒவ்வொன்றுக்கும் 12, 13 மில்லி நொடி. நொடிக்கு எண்பது எடுத்தால் பெரிது. 60 எஃப்பிஎஸ்ஸில் ஒரு பிரேமுக்கு உள்ள நேரமே 16.7 மில்லி நொடிதான். சாதாரண எஸ்எஸ்டி இதே வேலையை மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவில் முடித்துவிடும். நகரும் உறுப்பே அதில் கிடையாது.

விளையாட்டைச் செய்தவர்களுக்கும் இது தெரியும். மெனுவில் ஹார்ட் டிஸ்க்காரர்களுக்கென்று தனித் தெரிவு வைத்திருந்தார்கள். 2.0 பதிப்போடு குறைந்தபட்சத் தேவைப் பட்டியலிலேயே எஸ்எஸ்டி ஏறிவிட்டது. பட்டியலில் எல்லோரும் கார்டு பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம்.

அப்புறம் சராசரி. நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் சுமார் 30 கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரத்தில் போய்ச் சேரும் பஸ்ஸின் சராசரி வேகம் 24. வழியில் ஒரே இடத்தில் இருபது நிமிடம் நகராமல் நின்றது அந்த 24இல் எங்கே தெரிகிறது? உள்ளே நின்றுகொண்டு வந்தவருக்குத்தான் தெரியும். எஃப்பிஎஸ்ஸும் அதே கணக்குதான். நிமிடம் முழுக்க 72 எஃப்பிஎஸ் ஓடினால் 4320 பிரேம். நடுவில் அரை நொடி உறைந்தால் போவது 36 பிரேம். மிச்சம் 4284, சராசரி 71.4. பார்ப்பவர் யாரும் முக்கால் எஃப்பிஎஸ்கூட இல்லாத வித்தியாசத்தைக் கண்டுகொள்ள மாட்டார். விளையாடுகிறவனின் கார் அந்த அரை நொடியில் சுவரில் மோதியிருக்கும்.

இதற்காகத்தான் '1 சதவீதக் கீழ் அளவு' என்று ஒன்றைப் பார்க்கிறோம், மிக மெதுவான நூற்றில் ஒரு பங்கு பிரேம்களின் நிலை. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மேலே சொன்ன ஓட்டத்தில் ஒரு பங்கு என்றால் 43 பிரேம். அதில் 42 பிரேம் 20 மில்லி நொடி வீதமும், உறைந்த ஒன்று மட்டும் 500 மில்லி நொடியும் என்று வையுங்கள். 43ஐயும் கூட்டிச் சராசரி எடுக்கும் முறையில் 32 எஃப்பிஎஸ் என்று வரும், ஏதோ கோளாறு என்று உடனே உறைக்கும். எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரு பிரேமை மட்டும் எடுக்கும் முறையில் 50 என்று வரும், சந்தேகமே வராது. இரண்டுக்கும் பெயர் '1 சதவீதம்'தான். அதனால் இப்போதெல்லாம் எண்ணைவிடப் பிரேம் டைம் கோட்டைத்தான் பார்க்கிறேன். கேப்ஃபிரேம்எக்ஸ் போன்ற மென்பொருளில் உறைதல் வந்த இடம் தென்னை மரம் மாதிரி தனியாக எழும்பி நிற்கும். மறைக்க முடியாது.

மாற்றியவை

பையில் 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று கொண்டுபோயிருந்தேன். வண்டியை எடுக்கும்போதே உள்ளூர சந்தேகம் இருந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அது வேறொருவருக்குக் கொடுக்க வைத்திருந்தது. அந்த ரக எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் போர்டில் காலியாக இருந்தது. மாட்டிக் கணினியை ஏற்றினால் ஹார்ட் டிஸ்க்கையே காணோம். பையன் முகம் செத்துப்போனது. அண்ணன் கல்யாணப் படங்களெல்லாம் அதில்தான் இருக்கின்றன. சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால், ஹார்ட் டிஸ்க் கேபிள் மாட்டும் சாட்டா போர்ட் இரண்டு வேலை செய்யாமல் போகும், இவன் போர்டும் அந்த ரகம். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றியதும் டிஸ்க் வந்துவிட்டது. அவனுக்கு உயிரும்.

விளையாட்டு ஃபோல்டரை அப்படியே புது எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தோம். வேடிக்கை என்னவென்றால், அத்தனை ஜிபியையும் அதே ஹார்ட் டிஸ்க் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்து, முனகாமல் கொடுத்துவிட்டது. பெரிய கோப்புகள், வரிசையாகப் படிக்க வேண்டியவை. அதற்கு அது போதும். ஓடி ஓடி எடுப்பதுதான் அதனால் முடியாது.

ரீஸ்டார்ட். அதே வாசல், அதே வழி, முதல் ஓட்டம். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பையன் வேண்டுமென்றே பக்கத்துத் தெருக்களிலெல்லாம் வெட்டி வெட்டித் திருப்பினான். "அண்ணே, சுவரெல்லாம் முன்னாடியே வந்து நிக்குது" என்றான்.

இதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் டாக்டவுனுக்குள் நுழைந்தபோது உறைதல் இல்லாவிட்டாலும் சின்னச் சின்ன நடுக்கம் தெரிந்தது. கூட்டம் நிறைந்த சந்தையில் கார்டு 80 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. டிஸ்க்கில் சத்தம் இல்லை. இந்தமுறை காத்திருக்க வைத்தது பிராசசர் பக்கம்.

ரேமைப் பார்த்தேன். 16 ஜிபி, ஆனால் ஒரே குச்சி. 3200 என்று ஸ்டிக்கர் ஒட்டிய அது 2400இல் ஓடிக்கொண்டிருந்தது. கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில், ரேமை ஸ்டிக்கரில் உள்ள வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை யாரும் போடவில்லை. ஒற்றைச் சானலில் 2400 என்றால் நொடிக்கு 19.2 ஜிபி. 3200 ஆக்கினால் 25.6. இன்னொரு குச்சியும் சேர்ந்து இரட்டைச் சானலானால் 51.2. திறந்த உலகத்தில் நூறு பேர் தெருவில் நடக்கும்போது இந்த வழி குறுகலாக இருந்தால் பிராசசர் மூச்சு வாங்கும். எக்ஸ்எம்பியை அங்கேயே போட்டேன், செலவில்லாத வைத்தியம். சந்தையில் 38ஆக இருந்த 1 சதவீதக் கீழ் அளவு 43 ஆனது. மறுவாரம் அதே ரகக் குச்சி இன்னொன்று கொண்டுபோய், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போட்டதும் 51. இரண்டையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் எது எவ்வளவு கொடுத்தது என்று எனக்குத் தெரிந்திருக்காது. இந்த வழக்கில் நான் ஒழுங்காகச் செய்த காரியம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ரே டிரேசிங்கை அவன் அல்ட்ராவில் வைத்திருந்தான். 8 ஜிபி கார்டில் அதையும் பிரேம் ஜெனரேஷனையும் உயர்ந்த டெக்ஸ்சரையும் (சுவர், தரை மேல் ஒட்டும் படங்கள்) ஒன்றாகப் போட்டால் கார்டு நினைவகம் நிரம்பி, மிச்சம் கணினி ரேமுக்கு வழியும். கார்டைப் போர்டோடு இணைக்கும் பாதையான பிசிஐஇயில் இந்தக் கார்டு எட்டு லேன் மட்டும் பயன்படுத்தும். பி450 போர்டில் அது மூன்றாம் தலைமுறை வேகம், நொடிக்கு 8 ஜிபிக்கும் சற்றுக் குறைவு. கார்டின் சொந்த நினைவகமோ நொடிக்கு 272 ஜிபி. தேசிய நெடுஞ்சாலையிலிருந்து வயல் வரப்பில் இறங்குவது மாதிரி. ரே டிரேசிங்கை அணைத்தோம். அவனுக்கு மனசில்லை. மழை பெய்த தார்ச்சாலையில் விளக்கு பிரதிபலிப்பதைத்தான் அவன் எல்லோருக்கும் காட்டுவானாம். பிரதிபலிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, டிஎல்எஸ்எஸ்ஸைக் குவாலிட்டியில் போட்டுச் சமாதானமானோம்.

மேஜைக் கதவைக் கழற்றி வைத்துவிடச் சொன்னேன். கார்டு வெப்பம் நாலைந்து டிகிரி குறைந்தது. பெரிய விஷயமில்லை.

கணக்கு

எஸ்எஸ்டியும் ரேமும் சேர்ந்து அன்றைய விலைக்கு அவன் கார்டுக்குக் கொடுத்ததில் பாதிகூட வரவில்லை. முதல் நாள் வாங்கிய சோதனைக் கூலியை எஸ்எஸ்டி விலையில் கழித்துவிட்டேன். அவன் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் தன் நிலைமையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையையும் பார்த்தேன், ஒரு செக்டர்கூடக் கெடவில்லை. அண்ணன் கல்யாணப் படங்களோடு அது டி டிரைவாகவே இருக்கிறது.

கிளம்பும்போது அவன் அம்மாவிடம், கெட்டது கார்டும் இல்லை, மகனும் இல்லை என்றேன். "அப்போ யாருக்க தப்பு?" என்றார். என் தப்பு என்று சொல்லிவிட்டு மிச்சமிருந்த சிப்ஸைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

கடை நோட்டில் கார்டுச் சோதனைப் பக்கத்துக்கு இப்போது இரண்டு கட்டம் கூடியிருக்கிறது. ஒன்று, 'விளையாட்டு எந்த டிரைவில்'. இன்னொன்று, ரீஸ்டார்ட்டுக்குப் பிறகான முதல் ஓட்டம். சராசரியில் அதைச் சேர்ப்பதில்லை. தனியாக, சிவப்பு மையில் எழுதுகிறேன்.